சக்கரம் கழற்றிய கார்

நாலாம் வகுப்பு படிக்கையில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவே நான் தபால்காரியாக இருந்தேன். சம்பளமில்லாத உத்தியோகம். "ஒங்கப்பாட்ட சொல்லு, சோறு எடுத்து வச்சாச்சுன்னு." "ஒங்கம்மாட்ட சொல்லு, பசிக்கலன்னு." இத்தனைக்கும் இரண்டு பேரும் இருந்தது ஒரே அறையில்தான்.

எல்லாம் எங்கள் பழைய காரால் வந்தது. அப்பாவுக்குக் கோவில்பட்டியில் பருத்திவிதை, புண்ணாக்குக் கடை. அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ். பிரேக் சரியில்லை, பிரேக் சரியில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். "ரெண்டு தடவ மிதிச்சா நிக்குதுல்லா" என்பார் அப்பா. ஒரு மழைநாளில், இடைசெவல் பக்கம் ஒரு வளைவில், ஆட்டுக்கூட்டம் குறுக்கே வந்தது. அப்பா எத்தனை தடவையோ மிதித்தார். கார் நிற்கவில்லை. ஆடுகள் மேல் ஏற்றக்கூடாதென்று ஸ்டியரிங்கை ஒடித்ததில் ரோட்டை விட்டு இறங்கிப் பருத்திக் காட்டுக்குள் புகுந்தது. கரிசல் சகதி சக்கரத்தைப் பிடித்ததால் நின்றது. ஆடுகளுக்கும் ஒன்றுமில்லை, எங்களுக்கும் ஒன்றுமில்லை. அம்மா பிடித்த பிடியில் என் தோள் மட்டும் கன்றிப்போயிருந்தது. சகதிக்குள் இறங்கி நின்று அவள் சொன்னாள்: "இனிமே இந்த வண்டில ஏறுனா நான் மனுஷியே இல்ல." அன்றோடு அப்பாவிடம் பேச்சையும் நிறுத்திவிட்டாள்.

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மெக்கானிக்கிடம் விடமாட்டாராம், தானே சரிசெய்து அம்மாவை ஏற்றிக் காட்டுவாராம். செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, வாசலில் காரைத் தூக்கிக் கல் வைத்து, முன்சக்கரங்களைக் கழற்றினார். சக்கரத்தோடு சுழலும் தகட்டை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இரும்புக்குக் காலிப்பர் என்று பெயர். அதற்குள் இருந்து அழுத்தித் தள்ளுகிற பிஸ்டன் துருவேறி இறுகிக் கிடந்தது. ரப்பர் வளையம் வெயிலில் கிடந்த செருப்புவார் மாதிரி வெடித்திருந்தது.

எல்லாவற்றையும் பிரித்தெடுத்துவிட்டு, வெறும் கூடுகளை மட்டும் கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் பெயின்ட் பொடி தூவிச் சூட்டில் உருக்கிப் பவுடர் கோட்டிங் போடுகிற பட்டறைக்கு எடுத்துப்போனார். வலதும் இடதும் மாறிவிடக் கூடாதல்லவா? சாமி கும்பிட்டு, வலதுக்குக் குங்குமமும் இடதுக்குத் திருநீறும் பூசிக் கொடுத்தார். அடையாளத்துக்கு அடையாளம், பக்திக்குப் பக்தி. பட்டறையில் முதல் வேலையே மணலைப் பீய்ச்சித் துருவை உரிப்பதுதான். குங்குமமும் திருநீறும் அதற்கு எந்த மூலைக்கு?

சூளையில் வெந்து, செக்கச்செவேலென்று, இரட்டைப் பிள்ளைகளாகத் திரும்பி வந்தன. அப்பா தலையைச் சொறிந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். புது ரப்பர், புது பிஸ்டன் எல்லாம் போட்டு, குத்துமதிப்பாக மாட்டிவிட்டார். அம்மா வாசலைக் கடக்கும்போது என்னிடம் சொன்னாள்: "பவுசுக்கு ஒண்ணும் கொறச்சலில்ல. நிக்குமான்னு கேளு."

அடுத்தது, பிரேக் ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவது. அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும். மற்றவர் காலிப்பரில் இருக்கிற சின்னத் திருகைத் திறந்து, காற்றை விட்டு, மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். எனக்குக் கால் எட்டவில்லை. இடுப்பில் கைவைத்து நின்ற அம்மா, "சக்கரமே இல்லாதது வண்டில சேராது" என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஏட்டி, ஒங்கம்மாவ மிதிக்கச் சொல்லு."

"மிதிச்சாச்சுன்னு சொல்லு."

நான் இங்கும் அங்கும் ஓடுவதற்குள் அம்மா காலை எடுத்துவிடுவாள். திறந்த திருகு வழியே காற்று மறுபடி உள்ளே போய்விடும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அப்பா கத்தியேவிட்டார்: "எடுக்காத! பிடிச்சிக்கோ!"

"பிடிச்சிட்டுத்தான இருக்கேன்!" என்று அம்மாவும் கத்தினாள். என் உத்தியோகம் அத்தோடு போயிற்று.

பிறகு தினமும் சாயங்காலம் இதேதான். மிதி, பிடி, விடு. என்ன செய்தும் பிரேக் மெத்தென்றே அமுங்கியது. அப்பாவின் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. ஒருநாள் அம்மா இறங்கிவந்து அவர் பக்கத்தில் குனிந்து பார்த்தாள்.

"திருகு கீழயில்லா இருக்கு? டிரிப்ஸ் ட்யூப்ல காத்து மேலதான ஏறும். நீங்க கீழ தொறந்தா ஆயில்தான் வரும், காத்து எப்படி வரும்?"

அப்பா இந்தப் பக்கத்துக் காலிப்பரையும் அந்தப் பக்கத்துக் காலிப்பரையும் மாறி மாறிப் பார்த்தார். "வலத்தையும் இடத்தையும் மாத்தி மாட்டிட்டேன் போல, அதான் மேல இருக்க வேண்டிய திருகு கீழ வந்துட்டு. குங்குமம் வச்சுல்லா குடுத்தேன்..." என்று இழுத்தார். அம்மா சிரித்துவிட்டாள். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

மாற்றி மாட்டிக் காற்றை வெளியேற்றியதும் பிரேக் கல்லாக நின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டப்பிடாரத்தில் ஒரு விசேஷ வீட்டுக்குப் புறப்பட்டோம். அம்மா முன்சீட்டில் ஏறினாள். முன்னால் போன பஸ் வேகம் குறைந்தபோது, பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். அம்மாவின் வலது கால் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, அங்கன பிரேக்கே இல்லம்மா!" என்று விழுந்து விழுந்து சிரித்தேன்.

அப்பா சிரிக்கவில்லை. அவளுடைய காலை ஒரு தரம் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். அதற்குப் பிறகு ஓட்டப்பிடாரம் வரைக்கும் கார் ஊர்ந்துதான் போயிற்று. புல்லுக்கட்டு ஏற்றிய மொபெட்காரர்கூட எங்களைத் தாண்டிப் போனார். இதற்கா இவ்வளவு பாடு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

காரில் ஏறிவிட்டாள், அப்படியென்றால் பயம் தீர்ந்துவிட்டது என்பது என் கணக்கு. அம்மா பயந்துகொண்டேதான் ஏறியிருந்தாள். அந்தக் காரிலிருந்த மூன்று பேரில் அது தெரியாதவள் நான் ஒருத்திதான்.