பை போட்டுப் பிடித்த வீடு

சவுரிராயனுக்கு 'முடியாது' என்ற சொல் மட்டும் வாயில் வராது. குழாய் ஒழுகுகிறதா, வர்றேன். ஃபேன் கத்துகிறதா, வர்றேன். கதவு தரையில் உரசுகிறதா, அதற்கும் வர்றேன். திண்டிவனத்துக்காரர். சின்ன வயதில் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போய், கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் மாறி மாறி எடுபிடியாக இருந்து, எல்லாவற்றிலும் கைப்பழக்கத்தோடு ஊர் திரும்பியவர். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருப்பார். டீயைக்கூட உட்கார்ந்து குடித்து நான் பார்த்ததில்லை. வேலையில் கெட்டிக்காரர்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அந்த வாரம் என் கையில் கிடைத்திருந்தால் கழுத்தை நெரித்திருப்பேன்.

என் அப்பா கோதண்டபாணிக்குத் திண்டிவனம் தாண்டி வல்லம் பக்கம் சொந்த நிலம். மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போட்டிருந்த கொல்லையில் வரப்பு தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துபோனது. நான் இருக்கும் விழுப்புரத்தில்தான் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் பெட்பேன் வைக்க நர்ஸ் வந்தால் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார். நான் எடுத்து வந்தாலோ அழுதேவிடுவார். அப்புறம் சோற்றைக் குறைத்தார். தண்ணீரும் தொண்டை நனைகிற அளவுதான். பசியில்லை என்றார். உள்ளே போனால்தானே வெளியே வர வேண்டும்? எனக்குப் புரிந்துவிட்டது. இப்படிப் பட்டினி கிடந்தால் புண் எப்படி ஆறும் என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார்.

"நம்ம ஊட்டுக்கு வந்துடுங்கப்பா. நாற்காலி மாதிரி வெஸ்டர்ன் டாய்லெட் வெச்சு, புடிச்சுக்க செவுத்துல கம்பியும் போட்டுடறேன். யாரும் உள்ள வர வேணாம், நீங்களே போலாம்," என்றேன். அதற்குத்தான் தலையாட்டினார்.

திங்கட்கிழமை சவுரிராயன் வந்து பழைய டாய்லெட்டை உடைத்தெடுத்து, தரைக்குக் கான்கிரீட் போட்டார். "காயட்டும்க்கா. புதன்கிழமை வந்து மாட்டிட்டா முடிஞ்சுது. சாமான் பையை இங்கயே வெச்சுட்டுப் போறேன்."

புதன் போனது. வியாழனும் போனது. பக்கத்து வீட்டுக் கவிதாவிடம் பல்லிளித்து அவர்கள் வீட்டு டாய்லெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். போன் போட்டால், "விக்கிரவாண்டி தாண்டிட்டேன்க்கா, தோ வந்துகினே இருக்கேன்" என்பார். இரண்டு நாளாக மனுஷன் விக்கிரவாண்டியையே தாண்டிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பாவுக்கு டிஸ்சார்ஜ். என் வீட்டுக்காரர் ஓசூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

வெள்ளி காலை மாரியப்பன் என்ற வேறொரு பிளம்பரைக் கூட்டி வந்தேன். அவர் பாத்ரூம் வாசலில் கிடந்த பையைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இது யாரு பைங்க?"

"சவுரிராயன்னு ஒருத்தர்."

"அப்ப நான் கை வெக்க மாட்டேங்க. ஒருத்தர் பை கெடக்குற எடத்துல நான் பூந்தா, நாளைக்கு என் வேலையில அவரு பூருவாரு. பையை அவரு கையில குடுத்துட்டுக் கூப்புடுங்க. ஜல்தியா வந்து முடிச்சுத் தர்றேன்."

இது என்ன சட்டமோ, எந்தக் கோர்ட்டில் போட்டதோ. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பிணக்கனம் கனத்தது. அப்படி என்னதான் வைத்திருக்கிறார் என்று மடியில் வைத்துத் திறந்தேன். துருப்பிடித்த ரெஞ்ச் ஒன்று, உடைந்த குழாய்த் துண்டுகள், அடியில் அரைச் செங்கல். பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிப்பார்களே, அதுபோல என் வீட்டைப் பை போட்டுப் பிடித்திருக்கிறார். திண்டிவனம் வரைக்கும் மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே போனேன்.

விசாரித்துப் போன வீட்டில் அவர் மனைவி அமலா இருந்தார். பையைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "நாலு ஊட்டுல நாலு பை போட்டு வெச்சிருக்காருக்கா. எங்க பாத்ரூமுக்கு இன்னும் கதவில்ல, பொடவைதான் தொங்குது. இங்கயும் ஒரு பை போடுய்யான்னேன், சிரிக்கிறாரு." பிறகு எதிர்த் தெரு மாடியைக் காட்டினார்.

சவுரிராயன் அங்கே தண்ணீர் டேங்க்கில் பைப் மாட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டதும் இறங்கி வந்தார். பையை நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை.

"குடுக்காதீங்கக்கா. பை திரும்பி வந்துச்சுன்னு தெரிஞ்சா ஒருத்தரும் கூப்ட மாட்டாங்க. முடியாதுன்னு ஒருதபா சொன்னா வேற ஆளத் தேடிப் போயிடுவாங்கக்கா. அந்த பயத்துலதான் எல்லாருக்கும் வர்றேன்னுடறது."

"ஒன் பயத்துக்கு எங்கப்பா எதுக்குப் பட்டினி கெடக்கணும்?"

"இன்னாக்கா சொல்றீங்க?"

நடுத்தெருவில் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. அவர் மாடியேறி நல்ல சாமான்களை எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்பினார். பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை. வழியெல்லாம் படிப்பக்கமே நின்றுகொண்டு வந்தார்.

அவரை வீட்டில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இருட்டுகிற நேரத்துக்கு அப்பாவை ஆட்டோவில் கூட்டி வந்தேன். காலையிலிருந்து ஒரு வாய் காபிகூடக் குடிக்கவில்லை அவர். வாக்கரைப் பிடித்தபடி நேரே பாத்ரூம் பக்கம்தான் போனார். டாய்லெட் மாட்டியாகிவிட்டது, தண்ணீரும் வந்தது. சுவரில் கம்பியைச் சுற்றிப் பச்சைச் சிமெண்ட் ஈரமாக இருந்தது.

"செவுரு பொரபொரன்னு கொட்டிடுச்சுக்கா. கொத்தி எடுத்துத்தான் பூசினேன். இன்னிக்குக் கம்பியத் தொடக்கூடாது, கையோட வந்துடும்."

புதன்கிழமையே வந்திருந்தால்? இந்நேரம் காய்ந்து இறுகியிருக்கும். அப்பா அதற்குள் வாக்கரைத் திருப்பிவிட்டார். "பரவால்லம்மா, நாளைக்குப் பாத்துக்கலாம்," என்றார். சோற்றையும் நாளைக்குத் தள்ளிவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சவுரிராயன் கையை அலம்பிக்கொண்டு பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டார். "பெரியவரே, கம்பி இருக்குற எடத்துல நான் நிக்கிறேன். என் தோளைப் புடிச்சுக்குங்க. நான் செவுத்தப் பாத்துக்கினு நிப்பேன்."

அப்பா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. சவுரிராயனின் போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. அவர் எடுக்கவில்லை. அடுப்படியில் வேலையில்லாமல் நின்றேன். என்னமோ வெகுநேரம் போலிருந்தது.

ஃபிளஷ் சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

"செல்வி," என்றார் அப்பா, "சோறு ஆக்கிட்டியாம்மா? ரெண்டு பேருக்கும் போடு."