இறகு எடை

மரியாவின் வாழ்க்கையை நாசமாக்கியவள் நான். குத்துச்சண்டை மேடையில் அவளை வீழ்த்தியவள் வேறொருத்திதான். ஆனால் அந்த மேடைக்கு அவளை வற்றவைத்து அனுப்பியது நான். பொறாமையால் அனுப்பினேன்.

திடுக்கிட்டீர்களா? இருங்கள்... முழுதும் கேட்டுவிட்டுக் காறித் துப்புங்கள்.

டெல்லி துவாரகாவில் ஒரு கடைவரிசைக்கு அடியில், நிலவறையில் இருந்தது எங்கள் பயிற்சிக்கூடம். பகலெல்லாம் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை எடைபோட்டுவிட்டு, சாயங்காலம் அங்கே போய்க் குத்துவேன். மரியா என்னைவிட இளையவள். அவள் அம்மா எங்கள் குடியிருப்பில் வீடு வீடாகச் சமையல் செய்பவர். நானும் தமிழ் பேசுகிறவள் என்பதாலேயே மரியா முதல் நாளே என்னோடு ஒட்டிக்கொண்டாள். அக்கா, அக்கா என்று பின்னாலேயே வருவாள். அவள் கைகளுக்குத் துணிப்பட்டை சுற்றிவிடுவது என் வேலை.

எடை வகுப்பு என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு மேல்வரம்பு உண்டு. நாங்கள் இருவரும் லைட்வெயிட். அறுபத்தொரு கிலோவும் சொச்சமும். அதற்கும் கீழே, இடையில் இன்னொரு வகுப்பையும் தாண்டிப் போனால் ஃபெதர்வெயிட், ஐம்பத்தேழும் சொச்சமும். இறகு எடை! பெயரே மயக்குகிறது அல்லவா? போட்டிக்கு முந்தைய நாள் தராசில் ஏற வேண்டும். அந்த ஒரு கணம் வரம்புக்குள் இருந்தால் போதும். இறங்கியதும் குடிக்கலாம், சாப்பிடலாம், மறுநாள் சில கிலோ கூடியே சண்டைக்குப் போகலாம். உடம்பின் நீரை வற்றவைத்துத் தராசை ஏமாற்றுவது ஊரறிந்த வித்தை. ஆனால் வற்றிய மூளை ஒரே நாளில் தேறிவிடாது. அதன்மேல் விழும் அடி ஆளையே கொல்லும். இது எனக்கு அப்போதே தெரியும்.

எங்கள் கோச்சுக்கு ஒரு வழக்கம். ஒரு வகுப்புக்கு ஒரே பெண்தான். தன் கூடத்துப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி வெளியே அடித்துக்கொள்ளக் கூடாதாம். பெரிய போட்டி ஒன்று வந்தபோது லைட்வெயிட்டில் ஓர் இடமும் ஃபெதர்வெயிட்டில் ஓர் இடமும் கிடைத்தன. "நீங்களே பேசி முடிவு பண்ணுங்கள், பேட்டா" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பயிற்சியில் மரியா என்னை வெளுத்து வாங்குவாள். லைட்வெயிட் இடம் நியாயப்படி அவளுடையது. அதனால்தான் பேசினேன்.

"உனக்கு எலும்பு சின்னதுடி. ஃபெதர்ல நீதான் ராணி. இங்கயே இருந்தா என்னை மாதிரி தடிச்சிங்ககிட்ட அடி வாங்கியே சாவே."

"அச்சா? அப்ப இறங்கிடறேன் அக்கா. நீங்க சொன்னா கரெக்டாத்தான் இருக்கும்."

சின்ன எலும்பா! அவள் மணிக்கட்டு என்னுடையதைவிடத் தடிமன். தினமும் பட்டை சுற்றுகிற எனக்குத் தெரியாதா?

பனிமூட்ட நாட்கள் அவை. வியர்க்க வைக்கும் பிளாஸ்டிக் உடுப்பை மாட்டிக்கொண்டு அவள் ஓடுவாள். வெண்மையில் கரைவாள், வெகுநேரம் கழித்து வேறெங்கிருந்தோ வருவாள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைந்து வருவதுபோல் இருக்கும். கன்னம் ஒட்டி, கண்கள் பெரிதாகி... எத்தனை அழகாக இருந்தாள்! "உடம்பே இல்லாத மாதிரி இருக்கு அக்கா. காத்துல நடக்கறேன்" என்று சிரிப்பாள். நானும் அந்தக் கனவுக்குள் கிறங்கிப்போய் நின்றேன். அவள்மேல் எனக்குப் பாசம் இருந்தது. நம்புகிறீர்களா? நம்ப வேண்டாம்.

எடை பார்க்கும் காலையில் குறைக்க இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஓட்டல் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவிக்குள் அவளைக் கம்பளியால் சுற்றி உட்கார வைத்தேன். கண்ணாடி மறைந்தது, சுவர் மறைந்தது. அவள் குரல் மட்டும் எங்கிருந்தோ வந்தது.

"அக்கா... ஒரே ஒரு வாய் தண்ணி."

"தராசுல ஏறி இறங்குடி. அப்புறம் குடிப்பே."

போதும், எழுந்து வா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எடை தவறி, அடுத்த போட்டிக்கு அவள் மறுபடி என் வகுப்புக்கே வந்துவிடுவாளே! கோச் வெளியே நின்று ஜல்தி, ஜல்தி என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் இன்னும் சூடான தண்ணீரைத் திருப்பிவிட்டேன்.

எடை சரியாக வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மரியா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்; கண்ணீர்தான் வரவில்லை. பிறகு குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாள். நான் அதைத் துடைத்துவிட்டு யாரிடமும் மூச்சு விடவில்லை. மருத்துவர் கேட்டால் தலைவலியே இல்லையென்று சொல்லச் சொன்னதும் நான்தான்.

மறுநாள் மேடையில் அவள் தூக்கத்தில் நடந்தாள். கைகள் தாமதமாக எழுந்தன. வேறொரு நாளாயிருந்தால் சிரித்துக்கொண்டே ஒதுங்கியிருக்கக்கூடிய குத்து அது. விழவில்லை அவள்... அலுத்துப்போய் உட்காருகிறவளைப் போல உட்கார்ந்தாள். மருத்துவமனையில் மண்டையைத் திறந்து இரத்தக் கட்டியை எடுத்தார்கள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கவில்லையே நீங்கள்? அவளை ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு என் சண்டைக்குப் போனேன். ஜெயித்தேன்! அட சீ, இந்தக் கையைத்தான் உயர்த்திப் பிடித்தார்கள்.

மருத்துவமனை வராந்தாவில் அவள் அம்மா என் கைகளைப் பிடித்துக்கொண்டார். "பெத்தவ நான்கூட இப்படிப் பாத்துக்கல கண்ணு. கடைசிவரைக்கும் கூடவே இருந்தியே." ஆமாம் என்று தலையாட்டினேன்.

இப்போது மரியாவின் வலது கை சொன்னபடி கேட்பதில்லை. பேச்சு தயங்கித் தயங்கி வருகிறது. காலம் அவளுக்குக் கலைந்துவிட்டது. பல நாட்கள் அவளுக்கு எடை பார்க்கும் காலையாகவே விடிகின்றன. அந்த நாட்களில் தண்ணீரைத் தொடமாட்டாள். "நீ வந்து சொன்னாத்தான் குடிப்பா கண்ணு" என்று அவள் அம்மா போன் செய்வார். வேலையை விட்டுவிட்டு ஓடுவேன்.

அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்தான். சொன்னால் என்னை வாசலில் சேர்ப்பாரா? பிறகு இவளைக் குடிக்க வைப்பது யார்? பார்த்தீர்களா... இதுவும் எனக்குச் சாதகமான கணக்குத்தான்!

நேற்றும் போனேன். தோளைப் பிடித்துத் தராசில் ஏற்றினேன். மருந்துகளால் ஊதிய உடம்பு. முள் எங்கேயோ போய் நின்றது.

"வந்துடுச்சா அக்கா?"

"வந்துடுச்சுடி. ஃபெதர்தான்."

முகமெல்லாம் மலர்ந்தது. இடது கையால் டம்ளரை வாங்கினாள். வாயருகே கொண்டுபோனவள் நின்று, என்னைப் பார்த்தாள்.

"நீங்களும்... காலையிலேருந்து குடிக்கலதானே? முதல்ல நீங்க குடிங்க அக்கா."

வாங்கிக் குடித்தேன்.