முக்காட்டை இழுத்தால் என்ஜின் இறங்கும்

ஓடித் தேய்ந்த வண்டிக்கு வருகிற வியாதி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும். இதை எனக்கு முதலில் சொன்னது என் கொழுந்தன் மீரான். சின்ன மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல், தாராவியில் எங்கள் மோட்டார் சைக்கிள் ஒர்க்‌ஷாப்புக்கு நான் வந்து உட்கார ஆரம்பித்த முதல் வாரம் அது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ரசீது எழுதுவேன், டீ வாங்கிக் கொடுப்பேன், மற்ற நேரம் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருப்பேன். மீரான் சொன்னதை அன்றைக்குப் பெரிதாக நினைக்கவில்லை.

எங்கள் கடைக்குப் புது வண்டி வராது. அதற்குக் கண்ணாடி வைத்த ஷோரூம் இருக்கிறது. இங்கே வருவதெல்லாம் வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஓடி ஓடி, லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் ஓய்வு கிடைக்காத வண்டிகள். வைத்துக்கொள்ளவும் முடியாது, விற்றாலும் ஒன்றும் தேறாது. உங்கள் வீட்டு வாசலிலும் அப்படி ஒன்று நிற்கும். அந்தத் தைரியத்தில்தான் உங்களிடம் இதையெல்லாம் சொல்கிறேன்.

மறுபடி பிறந்த வண்டி

செல்வம் எங்கள் பக்கத்துச் சந்துக்காரர். காலையில் இட்லிப் பாத்திரத்தை வண்டியில் கட்டிக்கொண்டு ஸ்டேஷன் ஸ்டேஷனாக விற்பவர். ஒருநாள் கை நிறைய ஜிலேபியோடு வந்தார். பிள்ளை பிறந்திருக்கிறதோ என்று வாயெடுத்தேன். பிறந்தது வண்டியாம். அந்தப் பழைய வண்டி மீட்டரில் ஐந்து இலக்கம்தான் உண்டு. ஒன்பதெல்லாம் முடிந்ததும் அத்தனையும் ஒரே சமயத்தில் உருண்டு பூஜ்யமாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்துக்கு ஊருக்கே ஜிலேபி.

எங்கள் வீட்டுக்காரர் ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துக் காட்டினார். குச்சி காய்ந்து கிடந்தது. வயசான வண்டி ஆயிலைத் தின்னும், வாரம் ஒருமுறை பார்த்து ஊற்று, இப்போதே மாற்று என்று படித்துப் படித்துச் சொன்னார். நானும் சொன்னேன். செல்வம் தலையை ஆட்டிவிட்டு, ஜிலேபியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மழைக்காலம் தொடங்குவதற்குள் பிஸ்டன் இறுகி, வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. இட்லிப் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஏன் தம்பி இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "இப்பத்தான பொறந்திருக்கு, பச்சப் புள்ளைக்கு என்னத்துக்கு மருந்துன்னு விட்டுட்டேன்க்கா."

காதில் மிஷின்

எங்கள் வீட்டுக்காரரை எல்லோரும் ஷேக் பாய் என்பார்கள். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. முழ நீள ஸ்க்ரூட்ரைவரின் முனையை ஓடுகிற என்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்கிற மாதிரி இருக்கும். அதைப் பார்ப்பதற்கென்றே சிலர் நின்றுவிட்டுப் போவார்கள்.

சீத்தா கேம்ப்பிலிருந்து காதர் என்று ஒரு பையன் வருவான். முதுகில் பெரிய பையை மாட்டிக்கொண்டு, நாள் முழுக்கச் சாப்பாடு கொண்டு கொடுக்கிற வேலை. அவன் வண்டியில் ஸ்க்ரூட்ரைவரை ஊன்றிவிட்டு, வால்வை அமுக்குகிற டேப்பெட் தளர்ந்திருக்கிறது என்று சரியாகச் சொன்னார். அதே நேரம் அவர் முதுகுக்குப் பின்னாலேயே டீக்காரர் நின்று, பாய், பாய், சாய் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இவர் திரும்பவே இல்லை. டீக்காரர் கடைசியில் தோளைத் தட்டினார். வீட்டில் குக்கர் விசில், வாசல் மணி, நான் சொல்லிச் சொல்லி அவர் காதில் வாங்காமல் போன பேச்சு எல்லாம் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. எலும்பில் அழுத்தினால்தான் அவருக்குச் சத்தமே போகிறது. காதர் ஒன்றும் தெரியாமல் என்னைப் பார்த்துச் சிரித்தான்: "சாச்சி, சாச்சா காதுல அல்லாஹ் மிஷினே வச்சிருக்கான், ஷோரூம்காரன் கம்ப்யூட்டர்லாம் இதுக்கு முன்னாடி ஏக்தம் பேகார், ஒண்ணுத்துக்கும் ஆகாது."

நட்டு டப்பாவுக்குள் போனது

மகன் நிஜாம் முலுண்டில் இருக்கிறான், ஆபீஸ் உத்தியோகம். விஷயத்தைச் சொன்னதும் வாப்பாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். பல வருஷம் கிரைண்டர் சத்தத்திலும் சுத்தியல் சத்தத்திலும் இருந்ததால் காது நரம்பு போய்விட்டதாம். இனி திரும்பாதாம். காதுக்கு ஒரு சின்ன மிஷின் வாங்கி மாட்டிவிட்டான். கடைக்கு வந்து அரைநாள் போட்டிருந்தார். தாராவி முழுக்கத் தலைக்குள் வந்து தகரம் தட்டுகிறது என்று கழற்றி, துணியில் சுற்றி, நட்டு டப்பாவுக்குள் போட்டுவிட்டார்.

என் பயம் வேறு. பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் அதன் சத்தத்தைத்தான் நம்மிடம் கொண்டு வருகிறார்கள். காது கேட்காத மெக்கானிக்கிடம் யார் கொண்டு வருவார்கள்? வெளியே தெரிந்தால் கடை போய்விடும். கடை போனால் இந்த மனுஷர் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பார்? ஐந்து வேளையும் இதைத்தான் துஆவில் கேட்டேன். நிஜாமிடம் சொல்லி அழுதபோது, கடையை மூடிவிட்டு முலுண்டுக்கு வந்துவிடச் சொன்னான். எனக்கு ஆறுதல் சொல்கிறதாக நினைத்து இதையும் சொன்னான்: "இன்னும் கொஞ்ச வருஷத்துல எல்லாம் எலக்ட்ரிக் வண்டிம்மா, அதுக்குச் சத்தமே கிடையாது, வாப்பாவுக்குக் கேக்கலைன்னு யாருக்கும் தெரியவே தெரியாது."

அரிசி புடைக்கிற சத்தம்

கொஞ்ச நாளில் எலும்பில் அழுத்தினாலும் அவருக்குக் கேட்காமல் போனது. அப்புறம்தான் நான் அவருக்குக் காதானேன். திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஒருநாள் ஒரு வண்டியின் என்ஜினுக்குள் சுளகில் அரிசி புடைக்கிற மாதிரி சரசரவென்று கேட்டது. வீட்டில் அதைச் சொன்னேன். அது டைமிங் செயின், தளர்ந்தால் அப்படித்தான் உரசும் என்றார். எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி என்றால் டேப்பெட். அம்மிக் குழவி உருளுகிற மாதிரி அடியிலிருந்து வந்தால் கிராங்க் பேரிங் போய்விட்டது, என்ஜினையே இறக்கிப் பிரிக்கவேண்டும். இப்படி என் சமையல்கட்டை வைத்தே பாடம் படித்தேன்.

கஸ்டமர் முன்னால் வாய் திறந்து சொல்ல முடியுமா? அதற்கு ஜாடை வைத்துக்கொண்டோம். மேஜையில் விரலைத் தட்டினால் டேப்பெட். உள்ளங்கையைத் தேய்த்தால் டைமிங் செயின். முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டால், என்ஜினை இறக்கவேண்டியதுதான். ஒன்றும் செய்யாமல் இருந்தால் வண்டி நன்றாக இருக்கிறது. அவர் ஸ்க்ரூட்ரைவரை ஊன்றிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ தியானம் மாதிரி தெரியும்.

கொழுந்தன் மீரானுக்கு செம்பூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. ஒருநாள் சாமான் போட வந்தவர், ஸ்டூலில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் யாரிடமும் சொல்லவில்லை. எழுந்து போகும்போது மட்டும் மெதுவாகச் சொன்னார்: "மதினி, கல்யாணமான புதுசுலகூட அண்ணன் உங்கள இப்படிப் பாத்து நான் பாக்கல."

ஹஸ்ரத் போன வழி

கிங்ஸ் சர்க்கிளில் சுந்தரம் சார் என்று ஒருவர், ரிட்டயரான கிளார்க், பாலக்காட்டுக்காரர். அவர் வண்டி மாதிரி ஒரு வண்டியை நான் பார்த்ததில்லை. லட்சத்தைத் தாண்டி எவ்வளவோ ஓடியிருக்கும். ஆனாலும் சொன்ன தேதிக்கு ஆயில், சொன்ன தேதிக்கு செயின் துடைப்பு, ஏர் ஃபில்டர். அதில்தான் தன் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து, வாரத்தில் இரண்டு நாள் செம்பூருக்கு சிகிச்சைக்கு அழைத்துப் போவார். அவர் இருக்கிற மாட்டுங்கா பக்கம் ஆட்டோ ஓட அனுமதி கிடையாது. டாக்ஸிக்காரர் அவ்வளவு கிட்டத்துக்கு வரமாட்டார். அந்த அம்மாவுக்கு பஸ் படி ஏற முடியாது.

அன்றைக்கு செயினைக் கொஞ்சம் இறுக்க வந்தார். வந்ததோடு என்ஜினையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கச் சொன்னார். இவர் ஸ்க்ரூட்ரைவரை ஊன்றினார். நான் கேட்டேன். பழகின கால் தையல் மிஷினை மிதிக்கிற மாதிரி அவ்வளவு சீரான சத்தம். மாஷா அல்லாஹ் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அந்த நேரம் பார்த்து எங்கள் பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஸ்ரத் சந்தில் வந்தார். கடையைப் பார்த்து சலாம் சொன்னார். பெரிய மனுஷர் எதிரே வந்தால் கை தானாகத் தலைக்குப் போகுமே. முக்காட்டை முன்னால் இழுத்துக்கொண்டு பதில் சலாம் சொன்னேன். அதற்குள் அஸர் நேரம் ஆகிவிட, வீட்டுக்குப் போய்த் தொழுதுவிட்டு, சோறு வடித்துவைத்துவிட்டுத்தான் திரும்பினேன். வந்தால் சுந்தரம் சார் இல்லை. அவர் வண்டியின் என்ஜின் கோணியில் அக்கக்காகப் பிரிந்து கிடந்தது. இவர் பிஸ்டனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கோளாறும் இல்லையே என்று முகத்தில் அப்படி ஒரு குழப்பம். எதற்காகப் பிரித்தீர்கள் என்று அவர் முகத்துக்கு நேரே நின்று கேட்டேன். பிஸ்டனைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நீதான இழுத்த?"

புகை

இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், நன்றாக ஓடுகிற கிழட்டு என்ஜினைத் தொடக்கூடாது. அத்தனை வருஷம் ஒன்றோடொன்று தேய்ந்து பழகி, அதற்கென்று ஒரு ஒற்றுமையில் ஓடிக்கொண்டிருக்கும். பிரித்துச் சேர்த்தால் அந்த ஒற்றுமை வராது. எங்கள் காசிலேயே புது ரிங், புது கேஸ்கெட் எல்லாம் போட்டு, என் வீட்டுக்காரர் கையில் இருந்த வித்தை அத்தனையும் காட்டி மாட்டினார். சுந்தரம் சார் கிக்கரை மிதித்தார். சைலன்சரில் நீலப் புகை வந்தது. மறுபடி பிரித்தார், மறுபடி சேர்த்தார். புகை நிற்கவில்லை. சிக்னலில் நின்றால் பின்னால் உட்கார்ந்திருக்கிற அந்த அம்மாவுக்கு இருமல் வந்துவிடுகிறது என்றார் சார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நான் உள்ளே நின்று யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இவர் கிரைண்டரை நிறுத்தினார். கையைத் துடைத்தார். சார் முன்னால் போய் நின்று, தனக்குக் காது கேட்காது, கொஞ்ச வருஷமாகவே கேட்காது, வீட்டுக்காரிதான் கேட்டுச் சொல்லுவாள், அன்றைக்கு ஜாடை தப்பிப்போய் நல்ல என்ஜினைப் பிரித்தாகிவிட்டது என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். இத்தனை நாளாக நான் மூடி மூடி வைத்ததை அவரே நடுச்சந்தில் திறந்து வைத்துவிட்டார். சார் இவர் தோளைத் தொட்டு, தன் பக்கம் திருப்பி, உதடு தெரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "சொல்லியிருந்தேள்னா நானே கேட்டுச் சொல்லியிருப்பேனே பாய், என் காது ரெண்டும் நன்னாத்தானே இருக்கு."

இப்போது

அந்த வண்டியைச் சார் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். அந்த அம்மாவை இப்போது எப்படி அழைத்துப் போகிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. தொழுகையில் அவர்கள் இரண்டு பேருக்கும் கேட்கிறேன், அவ்வளவுதான் முடிகிறது. ஜாடையை அன்றோடு விட்டுவிட்டோம். சந்தில் விஷயம் பரவிவிட்டது. சிலர் கடைக்கு நேரே வராமல் அந்தப் பக்கமாகச் சுற்றிப் போகிறார்கள். முலுண்டிலிருந்து நிஜாம் வாரா வாரம் கூப்பிடுகிறான். இவர் காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு, ஸ்க்ரூட்ரைவரைத் துடைத்து மேஜையில் வைத்துக்கொண்டு உட்காருகிறார். சில நாள் மதியம் வரைக்கும் அது அங்கேயே கிடக்கிறது.

காதர் மட்டும் வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, இவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, கடகடவென்று வாயாலேயே சத்தம் போட்டுக் காட்டினான். இவருக்குப் புரியவில்லை. மறுபடி காட்டினான், பல்லைக் கடித்து, கன்னத்தை உப்பி. நான் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், எனக்கு ஒரு வேலையும் இல்லை. இவர் எழுந்து போய்ப் பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். பேரிங்தான். காதர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னான்: "சாச்சி, வண்டி ரிப்பேர் ஆனதுக்கு எனக்கு வாய் வலிக்குது."

ஸ்பேர் கிடைக்காத வண்டிக்குக்கூட இந்த ஊரில் ஸ்பேர் தேடிப் பிடித்துவிடலாம், எங்கள் வீட்டுக்காரர் காதுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதால், தாராவிப் பக்கம் உங்கள் பழைய வண்டியைக் கொண்டு வந்தால் அவருக்கு நேர் எதிரே நின்று, அது என்ன சத்தம் போடுகிறது என்று கொஞ்சம் நிதானமாக, வாய் தெரிகிற மாதிரி சொல்லிவிடுங்கள்.