உள்வரிசையில் நின்ற வேன்

எங்கள் பகுதியில் என் தங்கையை ஹாரன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ஓட்டும் பள்ளி வேனில் ஹாரன் நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் அவள் அதைத் தொடவே மாட்டாள். வாசலில் வண்டியை நிறுத்தி, ஜன்னல் கண்ணாடியை இறக்கி, பிள்ளையின் பேரைச் சொல்லி ஒரு குரல் கொடுப்பாள். மூன்றாவது மாடியில் ஷூவைத் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளை அடுத்த நிமிஷம் கீழே நிற்கும். சில சமயம் வேறு வேனுக்குப் போக வேண்டிய பிள்ளையும் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும்.

நான் அவளுக்கு மூத்தவள். எட்டாவது வரைதான் படித்தேன். சட்டைத் தொழிற்சாலையில் செக்கராக இருக்கிறேன். தைத்து வரும் சட்டைகளில் நூல் பிசிறும் விட்டுப்போன தையலும் பார்ப்பது என் வேலை. பிறர் வேலையில் குறை கண்டுபிடித்தே பழகிய எனக்கு, என் தங்கையின் வேலையில் இதுவரை ஒரு பிசிறும் கிடைத்ததில்லை. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

வேனில் யார் எங்கே உட்கார்வது என்பதை அவள்தான் முடிவு செய்வாள். கடைசியில் இறங்கும் பிள்ளைதான் முதலில் ஏறி உள்ளே போக வேண்டும். முதலில் இறங்குகிற பிள்ளைக்குக் கதவோரம். ஜன்னல் சீட்டுக்காக அழுதாலும் சரி, அம்மா வந்து சண்டை போட்டாலும் சரி, இது மாறாது. "ஏறும்போது யோசிச்சா இறங்கும்போது மிதிபட மாட்டாங்க" என்பாள். எந்தக் காரியத்தையும் முடிவிலிருந்து பின்னோக்கித்தான் திட்டம் போடுவாள்.

பிள்ளைகளுக்கு அடுத்தபடியாக அவள் உயிரை வைத்திருப்பது எங்கள் ஊர்க் கால்பந்து அணியின்மேல். பெரிய அணி ஒன்றும் இல்லை. மேலே ஏறவும் தெரியாது, முழுசாகக் கீழே விழவும் மனசு வராது. வருஷக் கடைசியில் எல்லாரையும் பதற வைத்துவிட்டு எப்படியோ தப்பித்துக்கொள்ளும். இதில் இடதுபுறம் ஓடுகிற பையன் ஒரு காலத்தில் அவள் வேனில் வந்தவன். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் குரலைக் கேட்டு மாடியிறங்கியவன்.

வேடிக்கை என்னவென்றால், வேன் ஓட்ட ஆரம்பித்த பிறகு அவள் அந்த அணியின் ஆட்டத்தை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. எங்கள் மைதானத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு காரியங்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதனால் உள்ளூர் ஆட்டமெல்லாம் வாரநாளில், சரியாகப் பள்ளி விடுகிற நேரத்தில்தான். வெளியூர் ஆட்டங்கள் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு ரசிகர்களைக் கூட்டிப் போவது அவளுடைய வேன்தான். ஆனால் முதல் தடவை போனபோதே அந்த ஊர்க்காரர்கள் நான்கு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். அன்றைக்கு ரசிகர்கள் போட்ட சட்டம்தான்: ஆட்டம் நடக்கும்போது டிரைவர் வண்டியிலேயே இருக்க வேண்டும். சட்டம் போட்டவர்கள் உள்ளே போய் ஆட்டம் பார்த்தார்கள். இவள் வெளியே உட்கார்ந்து சீட்டுக்கடியில் பிள்ளைகள் ஒட்டிவைத்த சூயிங்கம்மைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

சுரண்டியபடியே காதைத் தீட்டிக்கொண்டாள். மைதானம் அதிர்ந்தால் எதிரணி கோல். சத்தம் ஏறிக்கொண்டே வந்து சட்டென்று அறுந்து போனால் நம் கோல். இப்படிக் கேட்டே கணக்கு வைத்துக்கொள்வாள். ஆட்டம் முடிந்து வருகிறவர்களிடம், "ரெண்டாவது கோல் அந்தப் பக்கத்து போஸ்ட்லதானே?" என்று கேட்டு அசர வைப்பாள். அவர்கள் அசந்தார்களே தவிர, ஒருவருக்கும் வேறொன்றும் தோன்றவில்லை.

ஒருநாள் நாங்கள் இருவரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள். "ஒரே ஒரு ஆட்டம் உள்ள உக்காந்து பாக்கணும்க்கா. சூயிங்கம் எல்லாம் சுரண்டி முடிச்சாச்சு."

"கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா விட்டுருவாங்க. அப்புறம் ஆட்டம் முழுக்க எல்லாரும் டயரையே நெனச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அதுக்கு நான் வெளியவே இருக்கலாம்."

இந்த வருஷத்துக் கடைசி ஆட்டம் வெளியூரில் வந்தது. தோற்றால் அணி கீழ்ப் பிரிவுக்குப் போய்விடும். சமன் செய்தாலே போதும், தப்பிக்கலாம். அதே நாளில் அந்த நகரத்தின் ஆண்டு விழாவும் வந்து தொலைந்தது.

ரசிகர் கூட்டத்துக்குத் தலைவர் எங்கள் தெருமுனைப் பேக்கரிக்காரர். கூட்டம் நடப்பதும் அவர் கடையின் பின்னறையில்தான், மாவு மூட்டைகளின்மேல். ரொட்டி வாங்கப் போன நானும் நின்று கேட்டேன்.

"இந்தத் தடவை டிவியிலேயே பாத்துக்கலாம்பா," என்றார் அவர். "அன்னிக்கு அங்க பாதி ரோட்டை மூடிருவாங்க. வண்டியை ஊருக்கு வெளிய சந்தை மைதானத்துல விட்டுட்டு நடக்கணுமாம். நெருக்கி நெருக்கி விடுவாங்களாம். ஊர்வலம் முடிஞ்சு எல்லாரும் கிளம்பற வரைக்கும் வண்டியை எடுக்க முடியாதாம். நான் எப்ப வந்து மாவு பிசையறது?"

"ஒரு நாள் உங்க மருமகன் பிசையட்டுமே அண்ணே," என்றார் சலூன்காரர். இவர்தான் அணிக்கு மேளம் அடிப்பவர். "போன வாரம் அவர் போட்ட பன் நல்லாத்தான் இருந்துச்சு. வாங்கினவங்க எல்லாம் சொன்னாங்க."

"அதாண்டா என் பயமே."

எல்லாரும் சிரித்தார்கள். என் தங்கை மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணே, வண்டியை எடுக்கக் கூடாதுன்னாங்களா, எடுக்கவே முடியாதுன்னாங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா."

"இல்ல. எடுக்கக் கூடாதுன்னா நான் காவலுக்கு உக்காரணும். எடுக்கவே முடியாதுன்னா நான் எதுக்கு?"

பேக்கரிக்காரர் புரியாமல் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த ரொட்டியை அமுக்கிவிட்டேன். அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ் ஏறித் தனியாக அந்த ஊருக்குப் போய்வந்தாள். திரும்பி வந்ததும் கைகூடக் கழுவாமல் சாப்பாட்டு மேஜையில் கரண்டிகளை எடுத்து வரிசையாக வைத்தாள்.

"இதான்க்கா சந்தை மைதானம். இது சுவரு. முதல்ல வர்ற வண்டியெல்லாம் சுவரோரம். அதுக்கு முன்னாடி ஒரு வரிசை, அதுக்கும் முன்னாடி ஒண்ணு. வெளி வரிசை டிரைவருங்க மட்டும் வண்டியிலயே இருக்கணுமாம். அவசரம்னா நகத்தணும்ல. சுவரோரம் நிக்கிறதை நகத்தவும் முடியாது, எவனும் கிட்ட வந்து காத்தைப் பிடுங்கவும் முடியாது."

"அப்போ சுவரோரம் இடம் பிடிக்கணும்."

"விடியக்காலையில கிளம்பினா கிடைச்சுரும். ஆனா திரும்பறதுல நாமதான் கடைசி. அதான் அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கிறேன்."

மறுநாள் கரண்டிகளைக் கையோடு எடுத்துப் போய், பேக்கரி மேடையில் பரப்பி அதையே சொன்னாள். முடிக்கும்போது, "டிக்கெட் பன்னெண்டு எடுங்கண்ணே. எனக்கும் சேத்து," என்றாள்.

அடுப்பு உறுமிக்கொண்டிருந்தது. பேக்கரிக்காரர் மேடையிலிருந்த மாவைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"ஏம்மா, இத்தனை வருஷமா நீ உள்ள வந்ததே இல்லையா?"

"நீங்க வெளிய வந்ததில்லையேண்ணே. எப்படித் தெரியும்?"

அவர் மருமகனைக் கூப்பிட்டு, ஆட்டத்தன்று ராத்திரி மாவு அவன் பொறுப்பு என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் முகம் வீட்டை எழுதிக் கொடுப்பவர் முகம் மாதிரி இருந்தது. ரசிகர் கூட்டத்தில் ஒருவரான எலக்ட்ரீஷியனுக்கு அன்று வீட்டில் கல்யாணம் என்பதால் வேனில் ஓர் இடம் காலியானது. "நீ வாக்கா. ஆட்டம் பிடிக்கலேன்னா விழாவையாவது பாக்கலாம்," என்று என்னை ஏற்றிக்கொண்டாள்.

புறப்படும் நாள் விடிவதற்குள் வேன் பேக்கரி வாசலில் நின்றது. பெரியவர்களையும் இறங்கும் வரிசைப்படியே உட்கார வைத்தாள். எல்லாரும் ஏறியாயிற்று, தலைவர் மட்டும் வரவில்லை. மருமகனுக்கு உப்பு எவ்வளவு என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்து வந்தவர் மறுபடியும் ஓடினார். ஈஸ்ட் விஷயம். என் தங்கை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வானம் வெளுப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஜன்னலை இறக்கி, அவருக்கு அம்மா வைத்த முழுப்பேரைச் சொல்லி ஒரு குரல் விட்டாள். அந்தப் பெயர் தலைவருக்கு இருப்பதே பலருக்குத் தெரியாது. கையில் மாவோடு வந்து ஏறினார்.

நகரத்தை நெருங்கும்போதே தெரிந்துவிட்டது, தாமதம் என்று. தோரணம் கட்டிய லாரிகளும், வாத்தியக்காரர்கள் நிறைந்த பஸ்களும் எங்களுக்கு முன்னால் ஊர்ந்தன. சந்தை மைதானத்தில் நுழைந்தபோது சுவரோரம் முழுக்க வண்டிகள். பச்சைக் கோட்டுப் போட்டு விசில் வைத்திருந்தவர் எங்களை வெளிப்பக்கம் கை காட்டினார்.

"டிரைவர் வண்டியிலயே இருக்கணும்."

பேக்கரிக்காரர் தன் கைமாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை தலையை வெளியே நீட்டினாள். "சார், அந்தத் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல சுவரோரம் ஒரு இடம் இருக்கே."

"அது இடமாம்மா? சைக்கிள் நிக்கும். அதோட அங்க விட்டா நீங்கதான் கடைசியா போவீங்க."

"அதுக்குத்தான் சார் வந்தேன்."

"எல்லாரும் வெளிய விடச் சொல்லித்தான் சண்டை போடுவாங்க. உள்ள விடணும்னு கெஞ்சற முதல் ஆள் நீங்கதான்," என்று வழிவிட்டார்.

எங்களை இறக்கிவிட்டு ரிவர்ஸ் எடுத்தாள். ஒரு பக்கம் தொட்டி, இன்னொரு பக்கம் யாருடையதோ பளபளவென்ற புது பஸ். சலூன்காரர் "வா, வா" என்று சொல்ல வாயெடுத்து, பிறகு சும்மா இருப்பதே உதவி என்று நினைத்தாரோ என்னவோ, வாயை மூடிக்கொண்டார். வேன் ஒரே முயற்சியில் பின்னால் போய்ச் சுவரோரம் நின்றது. கதவைத் திறக்க இடமில்லாமல், பின்பக்கக் கதவு வழியாகக் குழந்தைபோலத் தவழ்ந்து இறங்கினாள். அவள் முட்டியில் தூசி. என் கைக்குட்டையால் தட்டிவிட்டேன்.

கேலரியில் அவளை நடுவில் உட்கார வைத்தோம். முதலில் அவள் சத்தமே போடவில்லை. பச்சைப்புல்லையும் வெள்ளைக் கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "டிவியில பாக்கறப்போ இவ்வளவு அகலம் தெரியாதுக்கா," என்றாள். பாதி ஆட்டத்துக்கு முன்பே அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். சுற்றிலும் இடி இறங்கியது. அவள் தலையாட்டிக்கொண்டாள், அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கமானதுதான்.

இரண்டாம் பாதியில் எங்கள் பையன் எங்கள் பக்கமாகக் கோட்டை ஒட்டி ஓடி வந்தான். அவளால் அடக்க முடியவில்லை. எழுந்து நின்று அவன் பேரைச் சொல்லி, மாடிக்குக் கேட்கிற அந்தக் குரலைக் கொடுத்தாள். அவன் பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்த்தான். பந்து வெளியே போனது.

"யக்கா," என்றார் சலூன்காரர், "ஸ்கூல் விட்டப்புறம் கூப்பிடுக்கா."

அதன்பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள். ஆட்டம் முடியப் போகிற நேரம். அதே பையன்தான். ஒருவனைத் தாண்டினான், உள்ளே திரும்பினான், அடித்தான். எனக்குப் பந்து தெரியவில்லை. வலை அசைந்ததுதான் தெரிந்தது. அடுத்த நொடி என் தோள்பட்டையை யாரோ பிய்த்து எடுப்பதுபோல் இருந்தது. என் தங்கை. அவள் கத்தியதை நான் எழுத்தில் சொல்ல முடியாது. எனக்கும் கால்பந்துக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் நானும் கத்திக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் சமனில் முடிந்தது. அணி தப்பித்தது.

வண்டி எடுக்க நேரம் இருந்ததால் நகரத்துக்குள் நடந்தோம். மூடிய தெருக்களெல்லாம் நடப்பவர்களுக்குத் திறந்து கிடந்தன. வாத்தியக் கோஷ்டிகள் போனபடி இருந்தன. பால்கனிகளிலிருந்து காகிதப் பூக்களைக் கொட்டினார்கள். சலூன்காரரின் மேளத்தைப் பார்த்து, விழாவுக்கு வந்தவர் என்று நினைத்து இரண்டு பேர் அவருக்கு மாலை போட்டார்கள். எங்களிடம் வெற்றியைக் கோட்டை விட்ட அந்த ஊர்க்காரர்களே எங்களுக்கு எலுமிச்சைச் சாறு வாங்கிக் கொடுத்தார்கள். பேக்கரிக்காரர் மட்டும் நடுநடுவே போன் செய்து, "நுரைக்குதா? எப்படி நுரைக்குது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு சந்தை மைதானத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து, வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்புவதைப் பார்த்தோம். காகிதப் பூ அவள் தலைமுடியில் ஒட்டியிருந்தது.

"நாம கோல் போட்டா ஒரே நிசப்தமா இருக்கும்னு நெனச்சிருந்தேன்," என்றாள். "வெளிய உக்காந்தா அப்படித்தான் கேக்கும். நீங்க எல்லாம் உள்ள இப்படியா கத்திக்கிட்டிருந்தீங்க? ஒரு நாள்கூட எனக்குக் கேக்கலையே."

"இன்னிக்குத்தான் எங்களுக்கே கேக்கல," என்றார் பேக்கரிக்காரர். "உன் சத்தத்துல."

அவள் சிரித்துக்கொண்டே எழுந்து வேனுக்குப் போனாள். மைதானமே காலியாகியிருந்தது. சுவரோரம் எங்கள் வேன் மட்டும் நின்றது, நான்கு டயரிலும் காற்று முழுசாக.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சலூன்காரருக்கு வேன் ஓட்டக் கற்றுத் தருகிறாள். பேக்கரிக்காரர் போட்ட புதுச் சட்டம் அது: இனிமேல் முறை வைத்துக் காவல் இருக்க வேண்டும். முன்னால் போவது சலூன்காரருக்கு வந்துவிட்டது. ரிவர்ஸ்தான் வரவில்லை, எங்கள் தெருக் குப்பைத்தொட்டி இப்போது ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நிற்கிறது. அடுத்த சீசனுக்குள் நேராகிவிடும் என்கிறாள் என் தங்கை. தொட்டியைச் சொல்கிறாளா, அவரைச் சொல்கிறாளா என்று நான் கேட்கவில்லை.