மலசலகூடம் இருந்த இடம்

பஸ் தரிப்பிடத்தின் கீழ்க்கோடியில் இப்போது ஒரு பெண் நிற்கிறாள். சீமெந்தால் செய்யப்பட்டவள். முதுகில் கூடை, கையில் பச்சை வர்ணம் பூசிய கொழுந்து, முகத்தில் எங்கள் பிரதேச சபைத் தவிசாளருக்குப் பிடித்த புன்னகை. அவளைச் சுற்றிப் பளபளக்கும் கம்பி போட்ட மேடை. அதில் ஏறினால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். போன வருடம் வரை அந்த இடத்தில் பெண்களுக்கான பொது மலசலகூடம் இருந்தது. நாற்றம் பிடித்ததுதான். ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே போகிறவர் வெளியே ஒருத்தியைக் காவலுக்கு நிறுத்திவிட்டுப் போவார். ஆனாலும் அது நாள் முழுக்கத் திறந்து கிடந்தது. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

அதை இடிக்கத் தீர்மானித்த அமர்வில் நானும் இருந்தேன். பிராந்திய நிருபராகப் பல வருடங்கள் இதே சபையின் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவள் நான். பெண்களுக்கான ஒதுக்கீட்டுப் பட்டியலில் கட்சி பெயர் போட்டதால் உறுப்பினராகி முன்வரிசைக்கு வந்த பிறகு கண்ட ஒரே வித்தியாசம், இங்கே தேநீர் முதலில் வரும்.

தவிசாளரே விளக்கம் கொடுத்தார். சீசன் காலத்தில் வருகிற வெளிநாட்டுக்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் பார்ப்பது கக்கூஸைத்தான் என்றார். அங்கே காட்சி மேடை வந்தால் நின்று படம் எடுப்பார்கள். அந்தப் படம் உலகமெல்லாம் போகும். சிலையோ தோட்டத்துப் பெண்களுக்குச் சபை செய்கிற மரியாதை. நான் எழுந்து, அந்தப் பெண்கள் டவுனுக்கு வந்தால் எங்கே போவார்கள் என்று கேட்டேன். புதிய கடைத்தொகுதியின் மாடியில் மலசலகூடம் இருக்கிறது, காவலுக்கு இருக்கும் வாட்சரிடம் கேட்டால் சாவி கொடுப்பார் என்றார். அந்த வாட்சர் ஒரு ஆண் என்பதையும், அவர் உட்காரும் படிக்கட்டில்தான் பஸ் டிரைவர்கள் கூடி நின்று பேசுகிறார்கள் என்பதையும் சொன்னேன்.

"மெம்பர் அம்மா, நானும் லயத்துல பொறந்தவன்தாங்க. எங்கம்மா மலையில கொழுந்து எடுத்தவங்க. அவங்க எந்த டொய்லட்டுக்குப் போனாங்க?"

தவிசாளர் இப்படிக் கேட்டதும் சபை சிரித்தது. என் கட்சிக்காரர்கள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள். தன் தாய் தேயிலைச் செடி மறைவில் ஒதுங்கியதை ஒரு மனிதர் தன் திட்டத்துக்கு ஆதாரமாக எடுத்துவைப்பதை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். பின்னாலிருந்து ஒருவர், லிஸ்டில் வந்தவர்களுக்கு வீடு வீடாக ஏறி ஓட்டுக் கேட்ட கஷ்டம் எங்கே தெரியப்போகிறது என்றார். அதற்கும் சிரிப்பு. வாக்கெடுப்பில் எதிராக இரண்டு கைகள் உயர்ந்தன. ஒன்று என்னுடையது. மற்றது தரிப்பிடத்தில் கடை வைத்திருக்கும் சிங்கள உறுப்பினருடையது. மேடை வந்தால் அவருடைய கடை வாசல் மறையும்.

நான் கேள்வி கேட்டபோது என் மனதில் ஒருவர் இருந்தார். தோட்டத்தின் மேற்பிரிவில் கொழுந்தெடுக்கிற பெண். ஒரு மழையில் அவர் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டின் கூரை பறந்தபோது செய்தி சேகரிக்கப் போய்ப் பழக்கம். அவருக்கு இருதய நோய். கால் வீங்காமலிருக்க, உடம்பில் சேரும் நீரை இறக்குகிற மாத்திரையைக் காலையில் போட வேண்டும். போட்டால் அடிக்கடி ஒண்ணுக்குப் போக வேண்டியிருக்கும். மாதம் ஒருமுறை காலையில் வேலைக்குப் பெயர் பதிகிற பெரட்டுக்குப் போகாமல் ஒரு நாள் பெயரையும் சம்பளத்தையும் இழந்து, இரண்டு பஸ் மாறி வைத்தியசாலை கிளினிக்குக்கு வருவார். திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் முழுதும் அவருக்கு அந்த நாறிய மலசலகூடம்தான் துணை.

இடித்த பிறகு ஒரு நாள் அவரைத் தரிப்பிடத்தில் பார்த்தேன். இரண்டு காலும் வீங்கியிருந்தன. மாத்திரை போடவில்லையா என்றேன். கிளினிக் நாளில் போடுவதில்லை, அதற்கு முந்தின நாளும் போடுவதில்லை, தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்றார்.

"ஒரு தடவ வாட்சர்கிட்ட சாவி கேட்டேங்க. ரொம்ப அவசரமான்னு கேட்டான். பக்கத்துல நின்ன டிரைவர் பயலுக சிரிச்சானுக. அதோட விட்டுட்டேன்."

வைத்தியரிடம் அவர் இதைச் சொல்லியிருக்கவில்லை. வைத்தியர் இளைஞர், சிங்களவர், தமிழில் நாலு வார்த்தை பேசுவார். அந்த நாலு வார்த்தைக்குள் இதை எப்படிச் சொல்வது? வீங்கிய காலைப் பார்த்த அவர் மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டியிருந்தார். மருந்து கூடக்கூட, டவுனுக்கு வருகிற நாளில் அதைப் போட இன்னும் பயம்.

அடுத்த அமர்வில் பெயர் சொல்லாமல் இதை எடுத்தேன். ஒரு தனிநபரின் உடல்நிலை சபைக்குரிய விடயமல்ல என்று தவிசாளர் தீர்ப்பளித்தார். பிறகு சிலைக்கு என்ன நிறத்தில் சேலை என்பதைச் சபை வெகுநேரம் விவாதித்தது.

திறப்பு விழாவுக்குத் தோட்டத்துப் பெண்களை லொறியில் கொண்டுவந்து, ஒரே நிறச் சேலை கட்டவைத்து, சிலைக்கு இரண்டு பக்கமும் நிறுத்தினார்கள். பிரதம விருந்தினர் தாமதமாக, மனைவியோடு வந்தார். உரைகள் தொடங்கிச் சிறிது நேரத்தில் அந்த அம்மா என் பக்கம் குனிந்து, டொய்லட் எங்கே என்று சிங்களத்தில் மெல்லக் கேட்டார். கடைத்தொகுதி மாடிக்கு அழைத்துப் போனேன். பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த வாட்சரை வாகனங்களை மறிக்க மேல் வீதிக்கு அனுப்பியிருந்தார்கள். பூட்டிய கதவின் முன் நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் நின்றோம். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கடைசியில் அவரை ஜீப்பில் ஏற்றித் தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாவுக்குக் கொண்டுபோனார்கள். லொறியில் வந்த பெண்கள் விழா முடியும்வரை நின்ற இடத்தில் நின்றார்கள்.

அடுத்த அமர்வில் மேடைக்குப் பின்னால் விருந்தினர் மலசலகூடம் கட்ட ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை, தன் தாயை இழுக்கவில்லை. வெள்ளை டைல்ஸ், கண்ணாடி, வெந்நீர் எல்லாம் வைத்து விரைவாகவே கட்டி முடித்தார்கள். சாவி சபை அலுவலகத்தில் இருக்கும். விருந்தினருக்கும் உறுப்பினருக்கும் மட்டும். எல்லாருக்கும் திறந்துவிடலாம் என்று நான் கொடுத்த திருத்தத்துக்கு வழிமொழிய ஆள் கிடைக்கவில்லை. கடைக்கார உறுப்பினர்கூட அன்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பின் வந்த கிளினிக் நாளில், உறுப்பினர் என்ற உரிமையில் சாவியை வாங்கிக்கொண்டு தரிப்பிடத்தில் நின்றேன். மேற்பிரிவு பஸ்ஸிலிருந்து அவர் இறங்கினார். செருப்பு வார் பாதத்தில் ஆழமாகப் பதிந்திருந்தது. மேடைக்குப் பின்னாலிருக்கும் கதவைக் காட்டி, வரும்போதும் போகும்போதும் திறந்துவிடுகிறேன், இனி மாத்திரையைப் போட்டுவிட்டே வாருங்கள் என்றேன்.

அவர் சாவியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

"வேணாங்கம்மா."

ஏன் என்றேன்.

"வாட்சர்கிட்ட கேக்க வெக்கமா இருந்துச்சு. இப்ப நான் ஒண்ணுக்குப் போறதுக்கு ஒரு மெம்பரே வந்து நிக்கணுமா? நாளைக்கு நீங்க மெம்பரா இல்லன்னா யாருகிட்டங்க கேப்பேன்? பழையபடி ஒண்ணு கட்டச் சொல்லுங்க, நாறினாலும் தொறந்து கெடக்கட்டும். முடியலன்னா விடுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். மாத்திரையை வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, சிலையைச் சுற்றிக்கொண்டு வைத்தியசாலைப் பக்கம் நடந்தார். மேடையில் இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். படத்தின் சட்டத்துக்குள் அவர் வந்துவிட்டதால், அவர் கடந்து போகும்வரை காத்திருந்தார்கள்.

சாவியைத் திருப்பிக் கொடுக்க அலுவலகத்துக்குப் போனேன். பாவித்தீர்களா என்று கிளாக்கர் கேட்டார். திறக்கவேயில்லை என்றேன்.

"அப்ப சரிங்க மெடம், கழுவ ஆள் தேட வேண்டியதில்ல" என்று சாவியை ஆணியில் மாட்டினார்.