சுடலைமுத்து அண்ணன் மங்கலான ஸ்கேனை அனுப்ப மாட்டார்

சுடலைமுத்து அண்ணன் போய்விட்டார்.

காலையில் ஆபீஸ் வாட்ஸப் குரூப்பைத் திறந்தால் அவர் போட்டோவும் ஒரு மாலையும். நெஞ்சு வலியாம்... ஸ்ரீவைகுண்டத்தில், வீட்டிலேயே... இன்னும் நம்ப முடியவில்லை. முந்தாநாள்தான் போன் பண்ணி, "என்னவே, சத்தத்தையே காணும்?" என்று என்னை அதட்டினார்.

பாளையங்கோட்டையில் எங்கள் பென்ஷன் செக்‌ஷனில் என் பக்கத்து சீட்டுக்காரர். போன வருடம்தான் ரிட்டையர் ஆனார்.

சாந்தமானவர், பொறுமைசாலி என்றெல்லாம் நான் எழுதினால் அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். வாய் ஓயாது. கேரம் போர்டில் கூசாமல் கள்ளாட்டம் ஆடுவார். பாபநாசம் டூரில் அருவிக்கு அடியில் நிற்க இடம் பிடிப்பதற்காக யாரோ ஒரு கல்யாண கோஷ்டியோடு சண்டை போட்டார்.

ஆனால் ஒரு விஷயத்தில் மனுஷனை யாரும் அசைக்க முடியாது. ஸ்கேன் மங்கலாக இருந்தால் அனுப்ப மாட்டார்.

பென்ஷன் கேட்டு வருகிறவர்களின் பேப்பர்களை எங்கள் ஜெராக்ஸ் மிஷினில் ஸ்கேன் செய்து மேலாபீசுக்கு அனுப்ப வேண்டும். நாங்கள் அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவோம். அவர் மட்டும் மானிட்டரைத் திருப்பி வைத்து, "உங்க பேர வாசிங்க பாப்போம்" என்பார். வாசிக்க முடிந்தால்தான் அனுப்புவார்.

வரிசை நீளும். நாங்கள் முணுமுணுப்போம். "அங்கன ஒக்காந்திருக்கவன் இவுக மொகத்தையா பாக்கான்? இந்தப் படத்தத்தானவே பாக்கான்" என்பார்.

ஒரு வருடம் ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து மிஷின் சரியில்லை. எதை வைத்தாலும் பனி மூட்டம் போட்ட மாதிரி ஸ்கேன் வந்தது. மிஷின் பழசாகிவிட்டது, சர்வீஸ் ஆள் வந்தால்தான் ஆகும் என்று எல்லோரும் கையை விரித்துவிட்டோம்.

அந்த நேரத்தில்தான் முக்கூடலிலிருந்து ஒரு அம்மா வந்தார். பீடி சுற்றுகிறவர். புருஷன் இறந்து குடும்ப பென்ஷனுக்கு எழுதிப் போட்டிருந்தார். இறப்புச் சான்றிதழ் தெளிவாக இல்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. மறுபடி அனுப்ப அன்று சாயங்காலம்தான் கடைசி.

வேறு நல்ல சான்றிதழ் வாங்கி வரச் சொல்லலாம் என்றேன் நான். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கையில வச்சி வாசிச்சா எழுத்து முத்து முத்தா இருக்கு. மங்குதது நம்ம மிஷின்லவே! அதுக்கு இந்த அம்மா எதுக்கு அலையணும்?"

மிஷின் மூடியைத் திறந்தார். குனிந்து கண்ணாடியைப் பார்த்தார். பிறகு மூக்கை வைத்து மோந்து பார்த்தார்.

"சந்தனம் மணக்குதுவே!"

பூஜையன்று எங்கள் மேனேஜர் எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்திருந்தார். மற்றதற்கெல்லாம் மேலே. இதற்கு மட்டும் பக்தி முற்றி, மூடியைத் திறந்து கண்ணாடி மேலேயே குழைத்துப் பூசிவிட்டார். மறுநாள் யாரோ சாமி பொட்டாயிற்றே என்று பயந்து பயந்து ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்திருக்கிறார்கள். சந்தனம் கண்ணாடி முழுக்கப் படிந்துவிட்டது.

மேனேஜர் சத்தம் கேட்டு வெளியே வந்தார். பூஜையில் வைத்ததை இப்படிப் பழிக்கலாமா என்று அவருக்கு வருத்தம்.

"சார், இது மிஷினுக்கு நெத்தி இல்ல, கண்ணு. கண்ணுல சந்தனத்த அப்பிட்டு, தெரியலன்னா அது என்ன செய்யும்?"

மேனேஜருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் தன் மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியை எடுத்து, மூலை முடுக்கெல்லாம் துடைத்தார்.

மற்ற பேப்பர்கள் பளிச்சென்று வந்தன. அந்த அம்மாவின் சான்றிதழ் மட்டும் நடுவில் மங்கியது. புருஷன் பேர் இருக்கிற இடம்...

பத்திரமாக இருக்கட்டும் என்று அதை லேமினேஷன் செய்து வைத்திருந்தார். அது நடுவில் உப்பி, காகிதம் கண்ணாடியில் படியாமல் நின்றது. பிரித்தால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும்.

அண்ணன் மூடியை இறக்கி, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு அதன் மேல் அப்படியே சாய்ந்துவிட்டார். "பைய... பைய... இப்ப அமுக்கும்வே பட்டன!" என்று என்னிடம் கத்தினார். மூடி முறிந்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

வந்தது. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக.

வழக்கம்போல மானிட்டரைத் திருப்பினார். "எம்மா, ஒங்க வீட்டுக்காரர் பேர வாசிங்க."

அந்த அம்மா வாசிக்கவில்லை. திரையைப் பார்க்கிறார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறார். "அவுக பேர நான் எப்படிய்யா சொல்லுவேன்..."

ஊருக்கே வாய் கொடுக்கிற மனுஷன், நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சரி தாயி. நீங்க சொல்லாண்டாம். நான் ஒவ்வொரு எழுத்தா சொல்லுதேன். சரியா இருந்தா தலைய மட்டும் ஆட்டுங்க."

திரையில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்தது. பென்ஷனும் வந்தது. அதற்குப் பிறகு டீக்கடையில் அண்ணன் அளந்த அளப்பு இருக்கிறதே... மிஷினையே அவர்தான் கண்டுபிடித்த மாதிரி!

அவர் மாதிரி வேலை பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வாய்விட்டு அவரிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அதையும் டீக்கடையில் சொல்லியிருப்பார்.

இப்போது ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் இருக்கிறேன், அண்ணே. உங்கள் வீட்டம்மாவை மைனி என்றுதான் கூப்பிடுவேன். குடும்ப பென்ஷனுக்கு மைனியின் விண்ணப்பம் இனி எங்கள் செக்‌ஷனுக்குத்தான் வரும். உங்கள் பேர் போட்ட சான்றிதழோடு.

மைனி உங்கள் பேரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை அண்ணே. சொல்ல வேண்டாம். எழுத்து எழுத்தாக நான் சொல்கிறேன்.

போயிட்டு வாங்கண்ணே.