கழற்றி வைத்த பெல்ட்

வீடு மாறப்போகிறோம் என்றால் ஹெட்லி முதலில் கை வைப்பது ரெக்கார்ட் பிளேயரில்தான். பாத்திரம், படுக்கை, ஜன்னல் திரை எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். அவன் மட்டும் பிளேயர் முன்னால் குந்தி, சுழலும் தட்டின் மேலிருக்கும் ரப்பர் விரிப்பை எடுப்பான். தட்டில் இருக்கும் ஓட்டை வழியே விரலை விட்டு, அடியில் மோட்டாரின் பித்தளைக் கப்பியில் மாட்டியிருக்கும் பெல்ட்டை விடுவித்து, தட்டின் உள் வளையத்திலேயே பதவிசாக விட்டுவைப்பான். பிறகு இரண்டு ஓரத்திலும் உள்ள திருகுகளை இறுக்குவான். வண்டி எவ்வளவு குலுங்கினாலும் உள்ளே எதுவும் ஆடாது. எல்லாம் முடிந்ததும், "டல்சி, பெட்டி ஒட்டுற டேப் எடுத்துட்டு வா" என்று குரல் கொடுப்பான்.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் டல்சி அட்டைப்பெட்டி தேடக் கிளம்புவாள். போகலாமா, உனக்குச் சம்மதமா என்று அவன் கேட்டதில்லை. அவளும் பதில் சொல்ல வேண்டியிருந்ததில்லை.

இப்படித்தான் கனடாவின் லாப்ரடாருக்கு, இரும்புச் சுரங்கத்துக்குப் போனார்கள். அங்கிருந்து ஹாமில்டன், எஃகு ஆலை. அங்கேயே இரண்டு முறை வீடு மாறினார்கள். டல்சிக்குப் படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. அம்மா படுக்கையில் விழுந்ததும் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டாள். வாயும் குறைச்சல். ஹாமில்டனில் அடுக்குமாடி லிஃப்டில் தினமும் பார்க்கிற பெண்களில் யார் கையில் புதுக் கையுறை, யார் அழுதிருக்கிறாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் பெயர்தான் அவர்களுக்குத் தெரியாது.

அவளுடைய அம்மா இறந்து, நியூஃபவுண்ட்லாந்தில் அவள் பிறந்த கடலோர ஊரான ஓட்டர் ஆர்மில் வீடு காலியானபோது, ஹெட்லி மறுபடி பெல்ட்டைக் கழற்றினான். அந்த ஒரு முறை மட்டும் அவன் கேட்பதற்கு முன்பே டேப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஊர் வந்து சேர்ந்ததும் சமையலறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்தாள். பின்னால் உருளைக்கிழங்கு போட்டாள். மீன் ஆலையில் வேலை கிடைத்தது. ஓடுகிற பெல்ட்டில் வருகிற காட் மீன் துண்டுகளில் எலும்பு பார்த்து எடுக்கிற வேலை. ஹெட்லி அவளுடைய மாமாவின் படகில் பங்குக்குப் போனான்.

பிறகு காட் மீன் பிடிக்கத் தடை வந்தது. படகைக் கரையில் ஏற்றினார்கள். ஆலையைப் பூட்டினார்கள். பிழைப்பு தேடி ஊரைவிட்டுப் போகிறவர்கள் கடைத்தெருவில் விடைபெறுவது அதிகமானது. ஹெட்லி ஜன்னலோரம் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பான். தடை வந்து இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை இது நடந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் என்றால் பக்கத்து வீட்டு எஃபியும் அவள் புருஷன் கார்லண்டும் சீட்டாட வருவார்கள். அங்கே யாரும் கதவைத் தட்டுவதில்லை. வாசலில் பூட்ஸை உதறுகிற சத்தத்தோடு நேராகச் சமையலறைக்கு வந்துவிட்டார்கள். ஹெட்லி விறகு வெட்டப் போனவன் இன்னும் திரும்பவில்லை.

"எங்கடி உன் மாப்பிள்ளை? காட்டுலயே குடி போயிட்டானா?" என்றாள் எஃபி.

"வந்துருவான். இப்பதான் இருட்டுது" என்று டல்சி தேநீரில் டின் பாலை ஊற்றினாள்.

"நாலாவது கை இல்லாம சீட்டு என்னத்த ஆட? பாட்டாவது போடு கண்ணு. இவ பேச்சைக் கேட்டுக் கேட்டு என் காது செத்துப்போச்சு" என்றான் கார்லண்ட்.

டல்சி முன்னறைக்குப் போய் அக்கார்டியன் ரெக்கார்டு ஒன்றை வைத்தாள். பொத்தானைத் திருப்பினாள். சின்ன விளக்கு எரிந்தது. தட்டு அசையவில்லை.

எழுந்து வந்த கார்லண்ட் பிளக்கைப் பிடுங்கி இஸ்திரிப் பெட்டி மாட்டுகிற துளையில் சொருகினான். விளக்கு எரிந்தது. தட்டு நின்றது. மூடியைத் தட்டினான். பிறகு பக்கவாட்டில் ஓங்கி ஒரு அறை விட்டான்.

"அடிக்காதப்பா, அது உன் மாமியார் வீட்டுக் கழுதையா?" என்று எஃபி கதவில் சாய்ந்து நின்றாள்.

"மோட்டார் போயிருச்சு. பூ வச்சு அடக்கம் பண்ண வேண்டியதுதான்."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். போன வருஷம் சர்ச் டோஸ்டரைச் சரி பண்ணுறேன்னு போய், பாதிரியாரை இருட்டுல ஜெபம் பண்ண வச்சவனாச்சே."

"அது வயரிங் கோளாறு!"

டல்சி குனிந்து பெட்டியில் காதை வைத்தாள். உள்ளே மெல்லிய ரீங்காரம் கேட்டது. மோட்டார் ஓடுகிறது. தட்டை விரலால் தள்ளினாள். சிக்கலில்லாமல் சுற்றியது. விட்டதும் தளர்ந்து நின்றது. மோட்டார் தன்பாட்டுக்கு, தட்டு தன்பாட்டுக்கு. நடுவில்தான் எதுவோ இல்லை.

ரெக்கார்டை எடுத்தாள். ரப்பர் விரிப்பை எடுத்தாள். ஓட்டை வழியே பார்த்தபோது பித்தளைக் கப்பி வெறுமையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பெல்ட் உள் வளையத்தில் கொஞ்சமும் முறுக்கில்லாமல் படிந்திருந்தது.

"ஓ, பெல்ட்டு வழுக்கிருச்சா! அவ்வளவுதான் விஷயம்" என்றான் கார்லண்ட். "நான் சொல்லலை? மோட்டாருக்கு ஒண்ணும் இல்லைன்னு."

"நீ அடக்கம்ல பண்ணச் சொன்ன" என்று எஃபி சிரித்தாள்.

டல்சியின் கண் ஓரங்களுக்குப் போனது. பாடுகிற பிளேயரில் அந்தத் திருகுகள் இரண்டும் தலை தூக்கி நிற்கும். இப்போது இரண்டும் கடைசி வரை இறங்கியிருந்தன. பெல்ட் தானாக வழுக்கலாம். திருகு தானாக இறுகாது.

அறை அப்படியே இருந்தது. எஃபி டோஸ்டர் கதையை மறுபடி தொடங்கினாள். டல்சி எதையாவது உணரப் பார்த்தாள். மீன் ஆலையில் பனிக்கட்டி நீரில் மணிக்கணக்காக நிற்கும்போது விரல் வெட்டுப்பட்டால் வலிக்காது. தண்ணீர் சிவந்த பிறகுதான் யார் விரல் என்று எல்லோரும் கையைத் தூக்கிப் பார்ப்பார்கள். அதுபோல இருந்தது.

முன்பு கப்பல் வேலைக்கு ஆறேழு மாதம் போனபோதெல்லாம் ஹெட்லி ஒரு துணிப்பையோடுதான் போனான். பிளேயர் அவளோடுதான் இருக்கும். பிளேயரை எடுக்கிறான் என்றால் குடித்தனம் வைக்கப்போகிறான் என்று அர்த்தம். இந்த முறை டேப் கேட்டு அவன் குரல் கொடுக்கவில்லை.

அவள் சமையலறையிலிருந்து திருப்புளியை எடுத்துவந்து திருகுகளைத் தளர்த்தினாள். ஓட்டையில் விரலை விட்டுப் பெல்ட்டைக் கப்பியில் மாட்டினாள். விரிப்பு, ரெக்கார்டு, முள். அக்கார்டியன் தொடங்கியது.

"ஆகா, இவளல்லவோ மெக்கானிக்கு! கார்லண்டு, நாளையிலருந்து நீ போய் பன் சுடு" என்றாள் எஃபி.

அந்தப் பாட்டு முடிவதற்குள் வெளியே பனிவண்டி வந்து நின்றது. ஹெட்லி உள்ளே வந்து, வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பூட்ஸைக் கழற்றினான். இன்னொன்றைக் கழற்றவில்லை. அந்தக் காலில் ஒட்டிய பனி உருகித் தரையில் வழிய, அக்கார்டியனைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, ஒத்தைக் கால்லயே சீட்டாடப் போறியா?" என்று கார்லண்ட் உள்ளிருந்து கத்தினான்.

சீட்டாடினார்கள். ஹெட்லி மோசமாக ஆடினான். டல்சி அவனுடைய ஜோடி. அவள் நன்றாக ஆடினாள். திராட்சை ரொட்டியும் இன்னொரு சுற்றுத் தேநீரும் ஆன பிறகு எஃபியும் கார்லண்டும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, வழுக்குகிறதற்கு ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு வீடு போனார்கள்.

டல்சி கோப்பைகளைக் கழுவினாள். ஹெட்லி துண்டை எடுத்துத் துடைக்க நின்றான். அது அவன் வழக்கமில்லை.

"மாட்டிட்டியா பெல்ட்டை?"

"மாட்டிட்டேன்."

"லியாண்டர் கூப்பிட்டான்" என்றான். லியாண்டர் ஹாமில்டனில் இருக்கிற அவன் அண்ணன். "அவன் வீட்டு கீழ்த்தளம் காலியா கிடக்கு. ஆலையில ஆள் எடுக்குறாங்களாம். ஈஸ்டர் முடிஞ்சதும் போகலாம்னு இருந்தேன்."

"திரும்பி வர்றதுக்கா?"

அவன் ஒரு கோப்பையை ரொம்ப நேரம் துடைத்தான். "இங்க எனக்கு என்ன இருக்கு டல்சி? அந்தத் தண்ணியப் பாத்துட்டே உக்காந்துருக்க முடியல."

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா நீ வரேன்னு சொல்லிருவ" என்றான் ஹெட்லி. "அதான் கேக்கல."

அது இரக்கத்தில் சொன்னதா, அவளிடமிருந்து தப்பிக்கச் சொன்னதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். முப்பது வருஷமாகப் படித்த முகம். அதில் களைப்பு மட்டும்தான் இருந்தது.

"இப்பக் கேளு" என்றாள்.

"என்ன?"

"இப்பக் கேளுன்னேன்."

அவன் துண்டை மேசைமேல் வைத்தான். "சரி. என்கூட வர்றியா?"

மஞ்சள் சுவரைப் பார்த்தாள். அடுப்புக்கு மேலே புகை படிந்திருந்தது. வசந்தம் வந்ததும் இன்னொரு பூச்சு வண்ணம் அடிக்க வேண்டும் என்று நினைத்தாள். அதைத் தவிர வேறு எதுவும் மனதில் வரவில்லை.

"இல்ல" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவனிடம் அவள் சொன்ன முதல் 'இல்லை' அதுதான். சத்தமாகக்கூட வரவில்லை. "நான் இங்கயே இருக்கேன்."

அவன் தலையசைத்தான். "அப்ப பிளேயர் இங்கயே இருக்கட்டும்" என்றான்.

"எடுத்துக்கறதுன்னா எடுத்துக்க."

"வேணாம். பொருத்தியாச்சு, இருக்கட்டும்."

ஈஸ்டருக்குப் பிறகு கார்லண்டின் வண்டியில் படகுத்துறைக்குப் போனான். கையில் ஒரு துணிப்பை. எஃபி வாசலில் நின்று மூக்கைச் சிந்தினாள். டல்சி அவனுக்குத் திராட்சை ரொட்டி ஒன்று கட்டிக்கொடுத்தாள். வண்டி திருப்பத்தில் மறைந்ததும் உள்ளே வந்து அடுப்பில் விறகு வைத்தாள். அன்றைக்கு அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பிறகு காத்திருப்பதையும் விட்டுவிட்டாள்.

ஹெட்லி இரண்டு கோடைக்கு வந்து போனான். கூரை ஒழுகலைச் சரி செய்தான். பிறகு இடுப்பு எலும்பு தேய்ந்து, தூரப் பயணம் முடியாமல் போய்விட்டது. லியாண்டர் இறந்த பிறகும் அதே கீழ்த்தளத்தில்தான் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போனில் கூப்பிடுவான். பனி எவ்வளவு, விறகு போதுமா, கார்லண்டுக்கு முட்டி எப்படி என்று கேட்பான். சில ஞாயிறுகளில் அவள் பின்னால் ரெக்கார்டு ஓடும். அது அவன் காதில் விழும். அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

டல்சி முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டாள். அவர்கள் விவாகரத்து செய்துகொள்ளவில்லை. பழைய பெல்ட் ஒரு குளிர்காலத்தில் இளகிப் பிசினாகிவிட்டது. தபாலில் புதுசு வரவழைத்து அவளே மாட்டினாள். பிளேயர் முன்னறையில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. திருகுகள் இரண்டும் தளர்ந்திருக்கின்றன. தட்டு சுற்றுகிறது.